உட்கார விடாத பாட்டு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் அலைபேசியில் நாற்பது நொடிக் காணொளி அனுப்பினார். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தின் திறப்பு விழா. சாமியானாவுக்குக் கீழே இருநூறு பேர் எழுந்து நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முடிகிறது. எல்லோரும் உட்காரப் போகிறார்கள். முழங்கால் பாதி மடங்கியிருக்கும்போது அதே பாட்டு முதலிலிருந்து தொடங்குகிறது. இருநூறு பேரும் விறைத்து நிமிர்கிறார்கள். அவ்வளவுதான் காணொளி. கீழே நண்பர் சிரிக்கிற பொம்மை நான்கு போட்டிருந்தார். நான் பதிலுக்கு ஐந்து போட்டேன்.

சிரித்து முடித்த பிறகுதான் ஓரத்தில் தெரிந்த நெற்குவியல்களைப் பார்த்தேன். தார்ப்பாய் போடாத குவியல்கள். மாதமோ ஐப்பசி.

என்ன பாட்டு என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். அரசு விழாவில் எழுந்து நின்று கேட்க வேண்டிய பாட்டு, அது போதும். பெயரை எழுதினால் நீங்களும் எழுந்து நின்று படிக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் உங்களில் இருக்கலாம். அவர்கள் பாவம் எனக்கு வேண்டாம்.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன். முதலாவது:

"காவிரி கடைமடையைத் தொட்ட அந்த ஆண்டில்—"

(விட்டுவிட்டேன். இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் காவிரியில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். என் கதையில் தொல்லை தருவது ஆற்றுத் தண்ணீர் இல்லை, மேலேயிருந்து விழும் தண்ணீர்.)

இரண்டாவது:

"வானம் நிறைமாதக் கர்ப்பிணியைப் போல—"

(வானத்துக்கு எத்தனை பிரசவம்தான் பார்ப்பது?)

மூன்றாவது: "பூவிழியின் கையில் தட்டு இருந்தது." இதில் அழகு இல்லை, பொய்யும் இல்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

பூவிழியின் கையில் தட்டு இருந்தது. எவர்சில்வர் தட்டு, அதில் மடித்து அடுக்கிய பொன்னாடைகள். மற்ற நாட்களில் அந்தக் கையில் இருப்பது நெல்லின் ஈரப்பதம் பார்க்கும் கருவி. செம்பியன்படுகை (நான் வைத்த பெயர், வரைபடத்தில் தேடாதீர்கள்) கொள்முதல் நிலையத்தில் அவள் பருவகால எழுத்தர். அறுவடை இருக்கும்வரை வேலை இருக்கும். அறுவடை முடிந்தால் வேலையும் முடிந்தது. அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது ஒரு பட்டியலைப் பொறுத்தது. அந்தப் பட்டியல் கண்காணிப்பாளர் நெடுஞ்செழியனின் மேசையில் இருந்தது. தாவரவியலில் எம்.எஸ்சி. முடித்தவள், நான்கு பருவமாக இப்படி ஓட்டுகிறாள். ஐந்து பருவம் ஆனவர்களை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. எழுத்தில் ஒன்றும் இல்லை, வெறும் பேச்சுதான். ஆனாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

அவள் அம்மா அம்சம். இருபது வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். கணவன் போன பிறகு, துணிந்து இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் குறுவை போடத் தொடங்கினாள். இந்த வருஷ நெல் ஐம்பது மூட்டைக்குக் குறையாது. அது பன்னிரண்டு நாளாகக் கொள்முதல் நிலையத்தின் முன்னாலிருந்த களத்தில் குவிந்து கிடந்தது. நிலையத்தை இன்னும் திறக்கவில்லை. திறக்க சிறப்பு விருந்தினர் வர வேண்டும், அவருக்குத் தேதி கிடைக்க வேண்டும். நெல்லுக்கு இதெல்லாம் தெரியாது. அது பாட்டுக்கு ஈரம் குடித்துக்கொண்டிருக்கும். அம்சம் தினமும் விரித்துக் காயவைத்தாள், சாயந்திரம் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டாள், பக்கத்திலேயே படுத்தாள்.

விழா நாள் காலையில் பூவிழி கருவியோடு அம்மாவின் குவியலுக்குப் போனாள்.

"எவ்வளவுடி காட்டுது?"

"பதினாறு புள்ளி அஞ்சு."

"பதினேழுக்குள்ளதானே?"

"உள்ளதான். ஒரு தூத்தல் போட்டுச்சுன்னா பத்தொம்பதுக்குப் போயிரும்மா. அப்புறம் நானே வந்து, எடுத்துக்க முடியாதுன்னு சொல்லணும்."

"சொல்லு. அதுக்குத்தான உன்னைய வச்சிருக்காங்க." அம்சம் நெல்லைக் காலால் கிண்டிவிட்டாள். "எனக்கு மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லு, நாலு பேரு காதுல விழாம."

(இந்த உரையாடலை நான் கேட்கவில்லை. இப்படித்தான் பேசியிருப்பார்கள் என்று எழுதினேன். பிறகு பூவிழியைத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "அம்சம் இவ்வளவு நல்லவங்க இல்ல சார், ரெண்டு திட்டு சேத்துக்குங்க" என்றார். திட்டை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் ஊர்த் திட்டாக இருந்தால் நல்லது.)

3

முந்தின நாள் சாயந்திரம் ஒத்திகை. கதையின் முடிச்சு இங்கேதான் விழுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாபநாசம் ஷேக் பரீத் மைக் செட் கட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவருக்கு ஒரு கல்யாணம் இருந்தது, மடிக்கணினியும் அவரோடு கல்யாணத்துக்குப் போயிற்று. "போன்லேருந்து புளூடூத்துல போட்டுக்கம்மா, அருமையா கேக்கும்" என்று பூவிழியிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நெடுஞ்செழியன் பாட்டு விஷயத்தில் அடிபட்டவர். போன மாதம் வேறொரு நிலையத்தின் திறப்பு விழாவில், பாட்டு ஓடிக்கொண்டிருந்த அலைபேசிக்கு அழைப்பு வந்துவிட்டது. எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, பாட்டு பாதியில் அறுந்து குத்துப்பாட்டு ஒன்று கிளம்பியது. அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் இன்னும் எழுதி முடியவில்லை.

"பூவிழி, நாளைக்கு யாரு வந்தா என்ன, வரலேன்னா என்ன. பாட்டு பாதியில அறுந்துச்சு, நாம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான்."

"சரிங்க சார்."

"தட்டும் உன் கையிலதான் இருக்கும். மேடைப் படிக்கிட்ட நிக்கணும். போனை எப்படி அமுக்குவ?"

"அமுக்க வேண்டாங்க சார். வாயால சொன்னாப் போதும்."

அவள் அலைபேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் இருந்தது. பாட்டு விஷயத்தில் அதன் கையில் சில கருவிகள் இருந்தன: போடுவது, நிறுத்துவது, அடுத்ததற்குத் தாவுவது, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது, முடிந்ததை மறுபடி போடுவது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கருவி. நம் அலுவலகங்களில் தபால் வாங்குகிறவர் ஒருவர், முத்திரை குத்துகிறவர் இன்னொருவர், ஒருவர் வேலையை மற்றவர் தொடமாட்டார். அதே ஏற்பாடுதான்.

பூவிழி அதனிடம் 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். பருவகால ஊழியர்களின் பழக்கம் அது. எது எப்போது மேலதிகாரியாகும் என்று தெரியாது அல்லவா.

அலைபேசியை மேடையின் அந்தக் கோடியில், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் வைத்தாள். இந்தக் கோடிக்கு வந்து படிக்கு அருகில் நின்றாள். இடையில் எட்டு அடி. குரலை உயர்த்தி, "பாட்டைப் போடுங்க" என்றாள். பாட்டு கணீரென்று வந்தது. களத்தின் நாலு மூலையிலும் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டோ ஒரு நிமிடம்தான். நடப்பதற்குள் முடிந்துவிடும். ஆகவே அது முடிந்ததும் சொன்னாள்:

"முடிய முடிய முதல்லேருந்து போட்டுக்கிட்டே இருங்க. நான் சுத்திப் பாத்துட்டு வர்றேன்."

"சரி. நீங்கள் மாற்றச் சொல்லும்வரை இந்தப் பாடல் மீண்டும் மீண்டும் ஒலிக்கும்" என்றது.

களத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். முதல் முறை பாட்டு வந்ததும் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார்கள். இரண்டாம் முறையும் நின்றார்கள். மூன்றாம் முறை ஒருவர் கேட்டார்: "ஏம்மா, இது டெஸ்டிங்தானே. நிக்கணுமா, வேண்டாமா?"

பூவிழிக்குத் தெரியவில்லை. நெடுஞ்செழியனைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. ஒத்திகைப் பாட்டுக்கு எழுந்து நிற்பது பற்றி எந்தச் சுற்றறிக்கையும் அவர் பார்த்ததில்லை. "நின்னுருங்க, எதுக்கு வம்பு" என்றார்.

நின்றார்கள். பூவிழி நாலு மூலையும் சுற்றிவிட்டு வந்து, அலைபேசியின் மேல் குனிந்து, "போதும், நிறுத்துங்க" என்றாள். நின்றது. எல்லாம் சரியாக இருந்தது. அவள் பாட்டை நிறுத்தினாள். 'மறுபடி போடு' என்று சொன்னதை அவள் மாற்றவில்லை. அது வேறு கருவி. அந்தக் கருவி, சொன்ன சொல் தவறாமல், இரவு முழுக்கக் காத்திருந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதில் யார் குற்றம் என்று ஒரு பக்கம் எழுதினேன், கிழித்துவிட்டேன். சொன்னதைச் செய்தது இயந்திரம். ஒத்திகைக்கு வேண்டியதைச் சொன்னாள் பூவிழி. விளக்கக் கடிதத்துக்குப் பயந்தவர் நெடுஞ்செழியன். கடிதம் கேட்டவர் எங்கோ மேலே இருக்கிறார், அவர் கதைக்குள் வரமாட்டார். அவர்கள் வருவதே இல்லை.)

4

மறுநாள் பத்து மணி விழா. விருந்தினர் வந்தது ஒரு மணிக்கு.

ஒன்பதரைக்கே நெடுஞ்செழியன் களத்தைச் சுற்றி வந்து, "தார்ப்பாயெல்லாம் எடுத்துருங்க. படம் எடுக்கிறப்ப நெல்லு தெரியணும்" என்று சொல்லியிருந்தார். எடுத்தார்கள். அம்சமும் தன்னுடையதை எடுத்து மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டாள். ஐப்பசி வெயில் நெல்லின் மேல் பட்டுப் பொன்னாகத்தான் தெரிந்தது, அதை மறுக்க முடியாது. பதினொரு மணிக்கு மேல் வடகிழக்கு மூலை கறுக்கத் தொடங்கியது. களத்தில் இருந்தவர்கள் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த மூலையைப் பார்த்தார்கள். ராசம்மாள் என்ற ஒரு விவசாயி, "வரட்டும், ரெண்டு பேருல யாரு முன்னாடி வர்றாங்கன்னு பாப்போம்" என்றாள்.

விருந்தினர் முன்னாடி வந்தார். தொகுப்பாளர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். பூவிழி தட்டோடு படிக்கு அருகில் நின்று, எட்டு அடி தள்ளியிருந்த அலைபேசியைப் பார்த்து, அமைதி விழக் காத்திருந்து, "பாட்டைப் போடுங்க" என்றாள்.

போட்டது. அழைப்பு வரவில்லை, அறுபடவில்லை, குத்துப்பாட்டு கிளம்பவில்லை. நெடுஞ்செழியன் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. பாட்டு முடிந்தது. இருநூறு பேரும் உட்காரத் தொடங்கினார்கள். மூன்று நொடி.

பாட்டு தொடங்கியது.

இருநூறு முழங்கால்களும் நிமிர்ந்தன. (நானூறு. கணக்குப் பார்க்கிற வாசகர்கள் இருக்கிறார்கள்.)

இரண்டாம் முறை கேட்டபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. பெரியவர்கள் வந்தால் இரண்டு முறை போடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை தொடங்கியதும் பின்வரிசையில் ஒருவர், உதடு அசையாமல், "புது ஆர்டர் வந்திருக்கும்யா" என்றார். பக்கத்திலிருந்தவர் அதை நம்பினார்.

பூவிழிக்கு மட்டும் தெரிந்துவிட்டது. ஒத்திகையில் தானே சொன்ன வார்த்தை காதில் விழுந்தது.

5

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: போய் நிறுத்த வேண்டியதுதானே?

எப்படிப் போவது? பாட்டு ஓடும்போது நடக்கக் கூடாது. நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கையைத் தொங்கவிட்டு, அசையாமல். களத்தில் குறைந்தது நாற்பது பேர் அலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அசைகிறவர் முகம் சாயந்திரத்துக்குள் வேதாரண்யம்வரை போய்விடும். பாட்டைப் பாதியில் நிறுத்துவது அதைவிட மோசம். அதற்குத்தான் நெடுஞ்செழியன் ஒரு மாதமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். குரல் கொடுக்கலாம் என்றால், பாட்டின் சத்தத்தில் உதவியாளருக்கு அவள் குரல் கேட்காது. மிஞ்சியது அந்த மூன்று நொடி இடைவெளி.

மூன்றாம் முறை முடிந்தது. பூவிழி காத்திருந்து, சட்டென்று, "நிறுத்துங்க!" என்றாள்.

கேட்டுவிட்டது. பதிலும் சொன்னது. இரண்டு பெரிய பெட்டிகள் வழியாக, விருந்தினரும் விவசாயிகளும் கேட்க, தெளிவான தமிழில் சொன்னது:

"தற்போது எந்தப் பாடலும் ஒலிக்கவில்லை. நிறுத்துவதற்கு எதுவும் இல்லை."

உண்மைதான். அந்த நொடியில் எதுவும் ஒலிக்கவில்லை. அடுத்த நொடியில் நான்காம் முறை தொடங்கியது.

நான்காம் முறை முடிந்ததும் அவள், "மறுபடியும் போடாதீங்க" என்று வாயெடுத்தாள். அதே நேரத்தில் தொகுப்பாளர் சமயோசிதமாக மைக்கைப் பிடித்து, "அனைவரும் அமரலாம்" என்றார். அவள் குரல் அதில் மூழ்கிப்போயிற்று. அவர் 'அமரலாம்' சொல்லி வாயை மூடுவதற்குள் ஐந்தாம் முறை.

(நெடுஞ்செழியனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன்: தொந்தி, தங்க மோதிரம், பல் குத்தும் பழக்கம். எழுத எழுத சுலபமாக வந்தது. அதனாலேயே பயந்துபோய் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு முறையும் பாதி உட்கார்ந்து எழுந்தபோது அவர் கண்ணில் நீர் வந்தது. அது பாட்டின் மேல் உள்ள பக்தி என்று மறுநாள் பேசிக்கொண்டார்கள். அவரும் யாரோ ஒருவர் முதலில் உட்கார மாட்டாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.)

6

ஐந்தாம் முறை பாட்டு ஓடும்போது காற்று திரும்பியது. சாமியானாவின் ஓரம் படபடத்தது. மண் வாசனை வந்தது. வேறெங்கோ பெய்யத் தொடங்கிவிட்டது, இங்கே வர ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஆகலாம். களத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அந்த வாசனை புரிந்தது. அவரவர் குவியலுக்குப் பக்கத்தில், மடித்த தார்ப்பாயைக் காலடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்கள். குனிந்தால் எடுத்துவிடலாம். ஒருவரும் குனியவில்லை.

பூவிழி அம்மாவைத் தேடினாள். அம்சம் சாமியானாவுக்கு வெளியே, தன் குவியலுக்கு முன்னால் நின்றாள். அவளுக்கு இந்த விழா, விருந்தினர், மரியாதை எதுவும் பொருட்டில்லை என்று பூவிழிக்குத் தெரியும். எதிர்த்துப் பேசுவதில் அம்சம் பேர்போனவள். ஒருமுறை தண்ணீர் முறையில் தகராறு வந்து, மதகின் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்து, வந்த அதிகாரியைத் திருப்பி அனுப்பியவள். அப்படிப்பட்டவள் ஏன் அசையாமல் நிற்கிறாள்?

கொஞ்ச நேரத்தில் புரிந்தது.

அம்சம் குனிந்தால் மற்றவர்களும் குனிவார்கள். பாட்டு ஓடும்போது களமே கலையும். நாளைக்கு விளக்கம் கேட்பார்கள். 'முதல்ல யாரு கலைஞ்சது?' 'எழுத்தரோட அம்மாதாங்க.' 'பாட்டு யாரு போட்டது?' 'அந்த எழுத்தர்தாங்க.' பட்டியலில் ஒரு பெயரை அடிக்க அதற்கு மேல் என்ன வேண்டும். பன்னிரண்டு நாள் பக்கத்திலேயே படுத்துக் காத்த நெல்லை, மகளின் பெயருக்காக அவள் மழைக்குக் கொடுக்கத் தீர்மானித்து நிற்கிறாள்.

பூவிழிக்குக் கோபம் வந்தது. யார் கேட்டது இந்தத் தியாகத்தை? போடா, போங்கடா எல்லோரும் என்று தோன்றியது. எட்டு அடி. தட்டைக் கீழே போட்டுவிட்டு நடந்தால் எட்டே அடி. நடந்து போய் அந்தப் பாட்டைப் பாதியில் அறுக்கலாம். தார்ப்பாய்கள் விரியும். பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

அவள் கண் அந்தப் பக்கம் போவதை அம்சம் பார்த்துவிட்டாள். தலையை ஒரே ஒரு முறை, இல்லை என்பதுபோல ஆட்டினாள்.

அம்மாவையே பார்த்து நின்றதில் அடுத்த மூன்று நொடியும் கைநழுவியது. ஆறாம் முறை பாட்டு தொடங்கியது.

7

இங்கே முடிவு வர வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு: கரண்ட் போகிறது. பாட்டு தானாக அடங்குகிறது, யார் மேலும் குற்றமில்லை. நம்பத்தகுந்த முடிவுதான், காற்று திரும்பினாலே எங்கள் பக்கம் கரண்ட் போய்விடும். ஆனால் ஒரு கதையை மின்வாரியத்தை நம்பி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, அன்றைக்கு ஜெனரேட்டர் இருந்தது.

இரண்டாம் முடிவு: சிறப்பு விருந்தினர் நிலைமையை உணர்ந்து, தானே மேடையிலிருந்து இறங்கி, ஒரு தார்ப்பாயின் முனையைப் பிடிக்கிறார். கூட்டம் ஆரவாரிக்கிறது—

(மூன்று மணி நேரம் தாமதமாக வந்தவருக்குக் கைத்தட்டல் வாங்கித்தர நான் எதற்கு?)

மூன்றாம் முடிவு: அம்சம் வாய்விட்டுப் பாடத் தொடங்குகிறாள். ஒலிபெருக்கியோடு சேர்ந்து, அதே பாட்டை, உரக்க. பாடிக்கொண்டே குனிகிறாள், பாடிக்கொண்டே தார்ப்பாயை விரிக்கிறாள். பாடுகிறவளை மரியாதை இல்லாதவள் என்று யார் சொல்வது? ராசம்மாள் பாடுகிறாள். களமே பாடிக்கொண்டு நெல்லை மூடுகிறது. பூவிழி அழுகிறாள்.

இதை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. ஏதாவது போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்கும். ஆனால் இது நடக்கவில்லை. யாரும் பாடவில்லை. பாதிப் பேருக்கு அந்தப் பாட்டின் இரண்டாம் வரிக்கு மேல் தெரியாது, எனக்கும் தெரியாது.

8

நடக்கவில்லை என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்கிறேன்.

முதல் பகுதியில் நான் சொன்னது பொய். காணொளி வந்தது உண்மை, ஆனால் கதை எனக்குக் கிடைத்தது அதிலிருந்து இல்லை. நான் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

அழைப்பிதழில் என் பெயர் இருந்தது. 'வாழ்த்துரை: வட்டார எழுத்தாளர்' என்று, நன்றியுரைக்கு நேர் மேலே. மேடையில் கடைசி நாற்காலி எனக்கு. பூவிழியின் தட்டில் இருந்த பொன்னாடைகளில் ஒன்று என் தோளுக்கு வர வேண்டியது. சந்தன நிறம் என்று நெடுஞ்செழியன் முதல்நாளே சொல்லியிருந்தார். கடைசி நாற்காலி என்றால் எந்தக் கோடி என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும். ஆம்ப்ளிஃபயர் பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஷேக் பரீத் அன்று காலையில் கல்யாணத்துக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நடை வந்து பார்த்தார். நான் சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொன்னார்:

"சார், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க. கொய்ன்னு கத்துச்சுன்னா இந்தக் குமிழ இடது பக்கம் திருப்புங்க. மொத்தமும் அடங்கிரும். மத்தது எதையும் தொட வேணாம்."

"அதுக்கென்ன பாய், பாத்துக்கிறேன்" என்றேன்.

பூவிழிக்கு எட்டு அடி. எனக்கு அடியே இல்லை, கையை நீட்டினால் போதும். எனக்கு மேலதிகாரி கிடையாது, பட்டியல் கிடையாது, களத்தில் ஒரு படி நெல் கிடையாது. அத்தனை பேரிலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவன் நான் ஒருவன்தான். ஆறு முறை எழுந்து நின்றேன். அம்சம் தலையாட்டியதைப் பார்த்தேன். பூவிழியின் கண் பெட்டியின் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

ஏன் நீட்டவில்லை? நாற்பது அலைபேசிகளுக்குப் பயந்தேன் என்பது ஒரு காரணம். சந்தன நிறப் பொன்னாடை இன்னொரு காரணம். இரண்டையும் சொல்லிவிடலாம், வெட்கப்பட்டுவிட்டுப் போகலாம். மூன்றாவதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்: அப்போதே நான் இதை எழுதத் தொடங்கியிருந்தேன். அவளுக்கும் பெட்டிக்கும் இடையே எத்தனை அடி இருக்கும் என்று, அசையாமல் நின்றபடி, கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் வாசகர்கள் நம்புவார்கள்.

9

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று செம்பியன்படுகையில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அப்படி ஒரு ஊர் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். நான் சொல்லப்போவதில்லை. அந்த முடிவைச் சொல்லும் யோக்கியதை அங்கே நின்ற மற்றவர்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை.

அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு அதிகாரம் உண்டு: மேடையின் கடைசி நாற்காலியிலிருந்து என்னை எடுத்துவிடுகிறேன். வாழ்த்துரை அடித்தாயிற்று, அழைப்பிதழில் அந்த வரி இப்போது வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உட்கார முடியாது, பாட்டு ஓடுகிறது.

ஆறாம் முறை. பாதி ஆகிவிட்டது. களத்தில் இருநூறு பேர், நாற்பது அலைபேசி. வெளியே அம்சம் வானத்தைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கிறாள். பூவிழி தட்டைக் கீழே வைக்கக் குனிந்துவிட்டாள்; நிமிர்ந்ததும் நடப்பாள், நடந்தால் போயிற்று. முதல் துளி சாமியானாவின் மேல் விழுந்த சத்தம் உங்களுக்குக் கேட்டதா? இன்னும் இல்லை என்றுதான் வைத்திருக்கிறேன். நீங்கள் இந்த வரியை முடிக்கும்வரை மழையை நிறுத்தி வைக்க என்னால் முடியும், அதற்கு மேல் முடியாது.

குமிழ் கறுப்பு நிறம். உங்கள் வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடது பக்கம் திருப்ப வேண்டும்.